மைதானம் போட்ட மதியச் சோறு... கத்தக்குறிச்சி சாந்தி ஓடத் தொடங்கிய கதை!

புதுக்கோட்டை மாவட்டம், கத்தக்குறிச்சி. செங்கல் சூளையில் கூலி வேலை பார்க்கும் பெற்றோருக்கு ஐந்து பிள்ளைகள். மூத்தவர் சாந்தி. பெற்றோர் வேலைக்குப் போய்விட்டால் தம்பி, தங்கைகளைப் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. மூன்று வேளைச் சாப்பாடு என்பது அந்த வீட்டுக்கு எட்டாத விஷயம்.

ஆனால், அந்தக் குடும்பத்தில் ஓட்டத்தின் அருமை தெரிந்த ஒருவர் இருந்தார்... தாத்தா! தன் காலத்தில் நன்றாக ஓடியவர். 13 வயதுப் பேத்தியை வீட்டுக்கு வெளியே இருந்த மண் தரையில் ஓடவிட்டுப் பழக்கினார். ஒரு ஜோடி ஷூவும் வாங்கிக் கொடுத்தார்.

எட்டாம் வகுப்பில் முதல் போட்டி. பரிசாகக் கிடைத்தது ஒரு தகரக் கோப்பை. அதன்பின் பள்ளிகளுக்கிடையேயான போட்டிகளில் மேலும் 13 கோப்பைகள். அருகிலிருந்த உயர்நிலைப்பள்ளியின் விளையாட்டுப் பயிற்சியாளர் கண்ணில் சாந்தி பட்டார். கட்டணத்தைப் பள்ளியே ஏற்றது, சீருடை தந்தது, மதியம் சுடச்சுடச் சாப்பாடும் போட்டது. வாழ்க்கையில் முதன்முறையாக மூன்று வேளையும் சாந்தி சாப்பிட்டது அப்போதுதான்!

பள்ளிப் படிப்பு முடிந்ததும், புதுக்கோட்டைக் கலைக் கல்லூரி ஒன்றில் உதவித்தொகையோடு இடம் கிடைத்தது. அடுத்த ஆண்டே சென்னையில் ஒரு கல்லூரிக்கு மாறினார். ஊரிலிருந்து ஏழு மணி நேரப் பயணம். படிப்பு, விடுதி, பயிற்சி எல்லாமே காலை நம்பித்தான். வசதியான வீட்டுப் பிள்ளைக்கு ஓட்டம் ஒரு விருப்பம்; சாந்திக்கோ அதுதான் சோறும் படிப்பும்.

2005-ல் தென்கொரியாவில் நடந்த ஆசிய தடகளப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி. 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டில் அதே 800 மீட்டர். 2 நிமிடம் 3.16 விநாடியில் எல்லைக் கோட்டைத் தொட்டார். கஜகஸ்தான் வீராங்கனையை வெறும் 0.03 விநாடியில் முந்தி மீண்டும் வெள்ளி!

அந்த மகிழ்ச்சி நிலைக்கவில்லை. பாலினப் பரிசோதனையில் தேறவில்லை என்று அறிவித்து, பதக்கத்தைப் பறித்தார்கள். அவர் எந்த ஊக்கமருந்தையும் தொடவில்லை, யாரையும் ஏமாற்றவில்லை. பிறவியிலேயே அமைந்த உடலுக்காக, 25 வயதில் அவருடைய ஓட்டத்தை நிறுத்திவிட்டார்கள்.

தமிழக அரசு கொடுத்த பரிசு 15 லட்சம் ரூபாய். 2007-ல் புதுக்கோட்டையில் பிள்ளைகளுக்குப் பயிற்சி மையம் தொடங்கினார். ஆனாலும் நிரந்தர வேலை இல்லை. 2012-ல் பெற்றோரைப் போலவே செங்கல் சூளையில் தினக்கூலியாக நின்றார். செய்தி வெளியாகி, நாடே அதிர்ந்தது. அதன்பிறகு பயிற்சியாளருக்கான பட்டயப் படிப்பை முடித்தார். 2016-ல் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் நிரந்தரப் பயிற்சியாளர் பணி கிடைத்தது.

தோஹா பதக்கம் இன்னும் திரும்பி வரவில்லை. ஆனால், தாத்தாவும் அந்தப் பள்ளிப் பயிற்சியாளரும் தனக்குச் செய்ததை, இப்போது சாந்தி அடுத்த தலைமுறைக்குச் செய்யலாம். வெறுங்காலோடு மைதானத்துக்கு வரும் ஒரு பிள்ளையிடம் முதலில் என்ன கேட்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும்... ‘சாப்பிட்டியா?’