சுவிட்சர்லாந்து: இணையக் கட்டணத்தைத் தீர்மானிக்கும் கடைசிக் கம்பி

சுவிட்சர்லாந்தில் இன்று ஏறக்குறைய எல்லா வீடுகளிலும் இணைய வசதி உள்ளது. மக்கள் தொகை விகிதப்படி அகலப்பட்டை இணைப்புகளைக் கணக்கிடும் ஓ.ஈ.சி.டி. அமைப்பின் பட்டியல்களிலும் அந்நாடு முன்வரிசையிலேயே இருந்து வருகிறது.

ஆனாலும் அங்கு இணையக் கட்டணம் அதிகம் என்ற முறைப்பாடு ஓயவில்லை. அதன் வேர், வீட்டுக்குள் வரும் கடைசிக் கம்பி யாருடையது என்ற கேள்வியில் இருக்கிறது.

திறக்கப்படாத கம்பி

1998ஆம் ஆண்டு ஜனவரியில் சுவிஸ் தொலைத்தொடர்புச் சந்தை போட்டிக்குத் திறந்துவிடப்பட்டது. ஆனால் வீடுகளுக்குச் செல்லும் செப்புக் கம்பிகள், அரசு பெரும்பான்மைப் பங்குகளை வைத்திருக்கும் ஸ்விஸ்கொம் நிறுவனத்தின் வசமே இருந்தன.

இவ்வாறான கம்பிகளைப் போட்டி நிறுவனங்களுக்கு வாடகைக்கு விடவேண்டும் என்ற விதி ஐரோப்பிய ஒன்றியத்தில் 2001இல் நடைமுறைக்கு வந்தது. ஒன்றியத்தில் உறுப்பு நாடாக இல்லாத சுவிட்சர்லாந்தை அது கட்டுப்படுத்தவில்லை.

2004 பிப்ரவரியில் சுவிஸ் தொடர்பாடல் ஆணையம் அத்தகைய உத்தரவைப் பிறப்பித்தது. ஆனால் அதற்குப் போதிய சட்ட அடிப்படை இல்லை என்று அவ்வாண்டு நவம்பரில் லொசான் நகரிலுள்ள உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. திருத்தப்பட்ட சட்டம் 2007 ஏப்ரலில்தான் அமலுக்கு வந்தது.

இரு விலைகளுக்கு இடையிலான நெருக்கடி

இந்த இடைவெளியில் போட்டி நிறுவனங்கள், ஏடிஎஸ்எல் சேவையை ஸ்விஸ்கொம்மிடமிருந்தே மொத்த விலைக்கு வாங்கி விற்க வேண்டியிருந்தது.

ஒரு நிறுவனம் தனது வாடிக்கையாளரிடம் 50 ஃபிராங்க் வசூலித்துக்கொண்டு, போட்டியாளரிடம் மொத்த விலையாக 48 ஃபிராங்க் கேட்பதாக வைத்துக்கொள்வோம். எஞ்சும் 2 ஃபிராங்கில் போட்டியாளர் தனது செலவுகளையும் ஈடுசெய்து, கட்டணத்தையும் குறைக்க இயலாது. இதுவே போட்டிச் சட்டத்தில் 'லாப இடைவெளியை நெருக்குதல்' எனப்படுகிறது.

2007 இறுதி வரை ஸ்விஸ்கொம் இவ்வாறு செயற்பட்டதாகக் கூறி, 2009 நவம்பரில் சுவிஸ் போட்டி ஆணையம் சுமார் 220 மில்லியன் ஃபிராங்க் அபராதம் விதித்தது. 2015இல் சமஷ்டி நிர்வாக நீதிமன்றம் அதனை 186 மில்லியனாகக் குறைத்தது. 2019 டிசம்பரில் உச்சநீதிமன்றம் அதை உறுதி செய்தது.

அபராதத் தொகை அரச கருவூலத்துக்கே சென்றது. கூடுதல் கட்டணம் செலுத்திய குடும்பங்களுக்கு அதில் எதுவும் திரும்பவில்லை.

யாருக்குச் சுமை?

சராசரி சுவிஸ் ஊதியம் பெறுவோருக்கு மாதாந்த இணையக் கட்டணம் பெரிய தொகையல்ல. சமூக உதவியில் வாழ்வோரின் நிலை வேறு. அவர்கள் பொதுவாக உணவு, உடை ஆகியவற்றுக்கான அதே அடிப்படைத் தொகையிலிருந்தே இணையத்துக்கும் செலுத்த வேண்டும்.

1980களிலிருந்து அங்கு தஞ்சமடைந்த இலங்கைத் தமிழரில் பலர் உணவகங்களிலும் துப்புரவுப் பணிகளிலும் குறைந்த ஊதியத்தில் வாழ்க்கையைத் தொடங்கியவர்கள். பல நாடுகளில் சிதறிக் கிடக்கும் உறவினரோடு பேசும் வழியாகவும் இணையம் அவர்களுக்கு அமைந்தது. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது பிள்ளைகளின் பாடங்களும் இணையத்துக்கு மாறின.

அகலப்பட்டை இணைப்பை அனைவருக்குமான அடிப்படைச் சேவையாக 2008இலேயே சுவிட்சர்லாந்து அறிவித்திருந்தது. அப்போது உறுதியளிக்கப்பட்ட வேகம் விநாடிக்கு 600 கிலோபிட். உச்ச கட்டணம், தொலைபேசி இணைப்பையும் சேர்த்து, வரி நீங்கலாக 69 ஃபிராங்க். 2024 முதல் விநாடிக்கு 80 மெகாபிட் வேகம் 60 ஃபிராங்க் உச்ச வரம்பில் உறுதியளிக்கப்பட்டுள்ளது. ஆயினும் இந்த வரம்பு அனைவருக்கும் பொதுவானது. வருமானத்துக்கேற்ற சலுகை அதில் இல்லை.

அடுத்த கம்பி

செப்புக் கம்பியின் இடத்தைக் கண்ணாடி இழை பிடித்துவரும் நிலையில், பழைய தகராறு புதிய வடிவில் எழுந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் தனி இழை என்ற முறையை விட்டு, பல வீடுகளுக்கு ஒரே இழையைப் பகிரும் முறைக்கு ஸ்விஸ்கொம் மாறியதைப் போட்டி ஆணையம் 2020 டிசம்பரில் இடைக்காலமாகத் தடுத்தது. பகிர்ந்த இழையைப் போட்டியாளர் நேரடியாக வாடகைக்கு எடுக்க இயலாது என்பதே காரணம். 2024 ஏப்ரலில் 18 மில்லியன் ஃபிராங்க் அபராதமும் விதிக்கப்பட்டது.

செப்புக் கம்பி வழக்கில் இறுதித் தீர்ப்பு வந்தது, குற்றம்சாட்டப்பட்ட காலம் முடிந்து 12 ஆண்டுகளுக்குப் பின்னர். இழை விவகாரத்தில் தடை, கட்டுமானம் நடந்துகொண்டிருக்கும்போதே வந்தது. கட்டணத்தைப் பொறுத்தவரை, பிந்திவரும் அபராதத்தைவிட முந்திவரும் விதியே குடும்பங்களுக்குப் பயன்தரும் என்பதை இவ்விரு வழக்குகளும் காட்டுகின்றன.