இரண்டு கிளிக்குகளுக்கு நடுவே

வகுப்பறையில் படிப்பவரின் நேரம் கண்ணுக்குத் தெரியும். மணி அடிக்கும், வருகைப் பதிவேட்டில் பெயர் ஏறும், கடைசி பெஞ்சில் கண் அயர்ந்தால்கூட ஆசிரியர் பார்த்துவிடுவார். தொலைநிலைக் கல்வியில் சேர்ந்தவர் புத்தகத்தை எப்போது திறக்கிறார், எத்தனை நேரம் படிக்கிறார், எந்தப் பக்கத்தில் சலித்து மூடிவைக்கிறார் என்பது அவர் வீட்டுச் சுவர்களுக்கு மட்டுமே தெரிந்த விஷயம். அவரிடமே கேட்டுவிடலாமே என்று தோன்றும். கேட்டுப் பார்த்தார்கள். படித்தவருக்கே தான் படித்த நேரம் சரியாகத் தெரியவில்லை. தொலைநிலை மாணவர்களின் படிப்பு நேரத்தை அளக்கும் ஆய்வுகள் அந்த இடத்திலிருந்துதான் கிளைக்கின்றன.

பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்வோம். 1969இல் அரச சாசனம் பெற்று, 1971 ஜனவரியில் ஏறத்தாழ 24,000 மாணவர்களோடு பாடம் தொடங்கியது. புத்தகங்கள் தபாலில் போயின. பிபிசி பாடங்களை ஒளிபரப்பியது. சேர்ந்தவர்களில் பலர் வேலையும் குடும்பமும் உள்ள பெரியவர்கள். இவர்களால் படிப்புக்கு நேரம் ஒதுக்க முடிகிறதா என்பது பல்கலைக்கழகத்துக்கு வாழ்வா சாவா என்ற கேள்வி. ஆகவே தொடக்கத்திலேயே தனியாக ஓர் ஆய்வுப் பிரிவை வைத்து, நவோமி மெக்கின்டாஷ் என்பவரின் தலைமையில் மாணவர்களின் நிலையைக் கேள்வித்தாள் அனுப்பித் திரட்டினார்கள். மாணவரின் நாளுக்குள் எட்டிப் பார்க்க அன்று இருந்த ஒரே ஜன்னல் தபால்பெட்டிதான்.

அந்தப் பல்கலைக்கழகத்தில் இன்று ஒரு கிரெடிட் என்றால் 10 மணி நேரப் படிப்பு. 60 கிரெடிட் பாடத்துக்கு 600 மணி. நம் நாட்டின் திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோவில் ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி. நான்கு கிரெடிட் பாடம் 120 மணி கேட்கிறது. பாடம் எழுதுபவர்கள் முன்கூட்டியே போடும் கணக்கு இது. இத்தனை பக்கம் படிக்க இவ்வளவு, ஒப்படைப்பு எழுத இவ்வளவு என்று கூட்டி வருகிறார்கள். வேலை முடிந்து வந்து, பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு உட்காரும் ஒருவருக்கு அந்த 600 மணி உண்மையில் எத்தனை மணியாகிறது? அதை அளக்காமல் மாணவரைச் சோம்பேறி என்று சொல்வது அநியாயம்.

அளப்பது அவ்வளவு கடினமா? வாரத்துக்கு எத்தனை மணி நேரம் படித்தீர்கள் என்று கேட்டால் மனிதர்கள் நினைவைத் துழாவுவதில்லை. மனத்துக்குள் ஒரு வழக்கமான வாரத்தைக் கட்டி, அதைப் பார்த்துப் பதில் சொல்கிறார்கள். அந்த வாரத்தில் காய்ச்சல் வராது, விருந்தாளி வரமாட்டார். வேலை நேரத்தைப் பற்றி மக்கள் சொன்னதை, அன்றன்று எழுதிவைத்த குறிப்போடு அமெரிக்காவில் ஒப்பிட்ட ஜான் ராபின்சன், மிக நீண்ட நேரம் வேலை செய்வதாகச் சொன்னவர்களின் பதிலில்தான் மிகை அதிகம் இருப்பதைக் கண்டார். வரப்போகும் நேரத்தைப் பற்றிய கணிப்பு இன்னும் மோசம். 1994இல் ரோஜர் பியூலர், டேல் கிரிஃபின், மைக்கேல் ராஸ் மூவரும் வெளியிட்ட ஆய்வில், கனடாவில் இறுதியாண்டு ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த உளவியல் மாணவர்களிடம் எப்போது முடிப்பீர்கள் என்று கேட்கப்பட்டது. சராசரியாக 33.9 நாள் என்றார்கள். எல்லாமே தடங்கலாகிப்போனால்? 48.6 நாள். உண்மையில் ஆனது 55.5 நாள். எல்லாம் கெட்டுப்போகும் என்று வைத்துப் போட்ட கணக்கையும் நிஜம் தாண்டிப் போயிருந்தது!

நினைவை நம்பாமல் அன்றன்று எழுதிவைக்கச் சொல்வது அடுத்த வழி. நேரக் குறிப்பேடு என்ற இந்த முறை பழையது. 1960களில் ஹங்கேரியச் சமூகவியலாளர் அலெக்சாண்டர் சலாய் 12 நாடுகளில் மக்களின் ஒரு நாளை இப்படித் திரட்டினார். இந்தியாவின் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பும் அந்த மரபில் வந்ததுதான்: முதல்நாள் அதிகாலை 4 மணி முதல் மறுநாள் அதிகாலை 4 மணி வரை, அரை மணி அரை மணியாகக் கேட்டுக் குறித்தார்கள். 24 மணிக்கு மேல் யாராலும் எழுத முடியாது என்பதே இம்முறையின் பெரிய பலம். படிப்பு கூடினால் வேறு ஏதாவது குறைந்தாக வேண்டும். குறைந்தது தூக்கமா, சமையலா, பிள்ளைகளோடு பேசும் நேரமா என்பதும் அதே தாளில் தெரிந்துவிடும்.

ஆனால் குறிப்பேடு எழுத நேரம் வேண்டுமே. நேர நெருக்கடியைப் பற்றிய ஆய்வில், நெருக்கடி மிகுந்தவர்தான் முதலில் விலகுவார். ஓரளவு சமாளிப்பவர்களின் தாள்களே திரும்பி வரும். இன்னொரு சிக்கலும் உண்டு. தினமும் எழுத வேண்டும் என்ற எண்ணமே சிலரைப் படிக்க உட்காரவைத்துவிடும். அளக்கத் தொடங்கியதுமே அளக்கப்படும் பொருள் மாறிவிடுகிறது. சிகாகோவில் 1970களில் மிஹாய் சிக்சென்ட்மிஹாயி குழுவினர் பேஜர் கொடுத்து, எதிர்பாராத வேளைகளில் ஒலிக்கவைத்து, அந்த நொடியில் செய்துகொண்டிருந்ததைக் குறிக்கச் சொன்னார்கள். மறதிக்கு அங்கே இடமில்லை. தொந்தரவுக்கு நிறைய இடமுண்டு.

படிப்பு இணையத்துக்கு வந்ததும் எல்லாச் சிரமமும் தீர்ந்ததுபோல ஒரு நம்பிக்கை பிறந்தது. யாரையும் கேட்க வேண்டாம், கணினியே குறித்துவைக்கும். திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2017இல் ஆய்வாளர்கள் அனைவருக்கும் திறந்துவிட்ட தரவுத்தொகுப்பு இதன் உச்சம். 2013, 2014ஆம் ஆண்டுகளில் ஏழு பாடங்களில் 32,593 பதிவுகள். யார், எந்த நாளில், எந்தப் பகுதியை, எத்தனை முறை கிளிக் செய்தார் என்று சொல்லும் 1,06,55,280 வரிகள். பெயர் இல்லை. வயதுகூட 35க்குக் கீழ், 35 முதல் 55, அதற்கு மேல் என்று மூன்றே கட்டம். தேதிக்குப் பதில் பாடம் தொடங்கி எத்தனையாவது நாள் என்ற எண். அந்த எண் சில வரிகளில் கழித்தல் குறியோடு வருகிறது! பாடம் தொடங்குவதற்குப் பத்து நாள் முன்பே உள்ளே வந்து எட்டிப் பார்த்தவர்கள் அவர்கள். ஓர் எண்ணுக்குள் இவ்வளவு ஆவலைப் பார்க்கும்போது எனக்கு மனம் நெகிழ்கிறது.

எனினும், கிளிக் என்பது நேரம் அல்ல. மணியும் நிமிடமும் பதிவாகும் ஒரு தளத்தில் மாணவி ஒருவர் இரவு 9 மணிக்கு ஒரு பக்கத்தைத் திறக்கிறார். அடுத்த கிளிக் 9.47க்கு. நடுவில் அந்தப் பாடத்தை வரிவரியாகப் படித்தாரா, குக்கர் விசிலுக்கு எழுந்து போனாரா? கணினிக்குத் தெரியாது. 47 நிமிடத்தையும் படிப்பாக எடுத்துக்கொள்ளலாம். நீண்ட இடைவெளி என்று முழுதும் தள்ளிவிடலாம். அரை மணிக்கு மேல் உள்ளதை வெட்டலாம். இந்த அரை மணி எங்கிருந்து வந்தது என்று தேடிப்போனால், 1995இல் லாரா கேட்லெட்ஜ், ஜேம்ஸ் பிட்கோ இருவரும் இணையத்தில் உலவியவர்களைக் கவனித்துச் சொன்ன 25.5 நிமிடத்தில் போய் நிற்கிறது. அதைத்தான் பிறகு பலரும் முழு எண்ணாக்கிக்கொண்டார்கள். படிப்பை அளக்கப் பிறந்த எண்ணே அல்ல அது. விட்டோமிர் கோவனோவிச் குழுவினர் 2015இல் ஒரே தரவை 15 வெவ்வேறு வழிகளில் நேரமாக மாற்றிப் பார்த்தார்கள். வழி மாறினால் ஆய்வின் முடிவும் மாறியது. அன்றைய கடைசி கிளிக்கோ இன்னும் பாவம். அதற்கு அடுத்த கிளிக் இல்லாததால் அளவே கிடையாது. பாடத்தைத் தரவிறக்கி, அச்செடுத்து, பேருந்தில் படித்தவரின் உழைப்பு பூஜ்யமாகவே பதிவாகும்.

அதனால் சிலர் எவ்வளவு நேரம் என்பதோடு, எப்போது என்றும் கேட்கத் தொடங்கினார்கள். குவான் நுயென், மைக்கல் ஹுப்டிச், பார்ட் ரியென்டிஸ் ஆகியோர் 2018இல் பிரிட்டன் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் ஒரு பாடத்தை வாரம் வாரமாகப் பார்த்தார்கள். நன்றாகத் தேறியவர்கள் வரப்போகும் வாரத்தின் பாடத்தை முன்கூட்டியே படிப்பதில் அதிக நேரம் செலவிட்டிருந்தார்கள். பின்தங்கியவர்களின் நேரத்தில் பெரும்பங்கு விட்டுப்போன வாரங்களைப் பிடிப்பதிலேயே கரைந்திருந்தது. இது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. இரண்டு பேரும் உட்கார்ந்து படிக்கத்தான் செய்கிறார்கள். ஒருவரின் ஒரு மணி நேரம் முன்னே ஓடுகிறது. மற்றவருடையது கடன் அடைக்கிறது.

முன்பு சொன்ன 2017 தரவுத்தொகுப்பின் 32,593 பதிவுகளில் 10,156, அதாவது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, விலகியவர்களுடையது. அந்த வரிகளில் கிளிக் குறைந்து ஒரு நாள் நின்றுபோகும். எப்போது நின்றது என்று தரவு சொல்லும். ஏன் என்று சொல்லாது. தாய் நோயில் விழுந்தாரா, வேலை பறிபோனதா, பாடமே பிடிக்கவில்லையா? இதற்குத் தொலைபேசியை எடுத்துப் பேசுவதைத் தவிர வேறு கருவி இல்லை. அப்படிப் பேசவும், பேசியதைப் பயன்படுத்தவும் மாணவரின் சம்மதமும் நம்பிக்கையும் வேண்டும். திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2014இலேயே மாணவர் தரவை அறத்தோடு பயன்படுத்துவதற்கென ஒரு கொள்கையை எழுதி வெளியிட்டது. மாணவரை அவரைப் பற்றிய தரவாக மட்டுமே பார்த்துவிடக் கூடாது என்பது அதன் அடிப்படைகளில் ஒன்று.

திரட்டிய எண்கள் போய்ச்சேர வேண்டிய இடமும் ஒன்றுண்டு. ஏழாம் வாரத்தில் பாதிப் பேர் பின்தங்குகிறார்கள் என்று தெரிந்தால், அந்தப் பாதிப் பேருக்கும் நினைவூட்டல் அனுப்புவது சுலபம். அதைவிட, ஏழாம் வாரத்துக்கான பாடத்தை எழுதியவரிடம் அந்த எண்ணைக் காட்டி, பத்து மணி நேரத்தில் முடியும் என்று போட்ட கணக்கைத் திருத்தச் சொல்லலாம். அந்த வாரத்தில் புதுப் பாடம் வைக்காமல், விட்டதைப் படிக்க அதை அப்படியே மாணவருக்குக் கொடுத்துவிடலாம்.