காதால் துப்பறிவோம்: ஆங்கில வகுப்பில் ஓர் ஒலிநூல்

கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் ஆகிய நான்கு திறன்களில் நம் ஆங்கில வகுப்புகளில் மிகக் குறைவாகப் பயிற்சி பெறுவது கேட்டல்தான். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுத்துத் தேர்வு. ஆகவே ஆங்கிலத்தைக் காதால் கேட்டுப் புரிந்துகொள்ளும் பயிற்சி நம் பாடவேளைகளில் கடைசி இடத்துக்குப் போய்விடுகிறது. எரியோடு வட்டாரத்தில் நூற்பாலை வேலைக்கும் தோட்ட வேலைக்கும் செல்லும் பெற்றோரின் பிள்ளைகளே என் வகுப்பில் அதிகம். அவர்கள் கேட்கும் ஆங்கிலம் ஆசிரியரின் குரல் ஒன்றுதான். அதையும் நாம் வரிக்கு வரி தமிழில் பொருள் சொல்லிவிடுகிறோம். பிறகு திண்டுக்கல்லுக்கோ கோவைக்கோ கல்லூரிக்குச் செல்லும் பிள்ளைகள் விடுமுறையில் வந்து, “எழுதிப் போட்டா புரியுது சார், பேசுனா பிடிபடல” என்கிறார்கள். நல்ல மதிப்பெண் பெற்றவர்களும் இதைச் சொல்கிறார்கள்.

கேட்டல் பயிற்சி என்று ஓர் ஒலிப்பதிவை ஓடவிட்டால் மட்டும் போதாது. கேட்பதற்கு ஒரு காரணம் வேண்டும். துப்பறியும் கதையில் அந்தக் காரணம் இயல்பாகவே இருக்கிறது. ஒரு சொல்லைத் தவறவிட்டால் ஒரு துப்பு கைநழுவும். பத்தாம் வகுப்புப் பாடநூலில் ஷெர்லாக் ஹோம்ஸ் வரும் ‘தி டையிங் டிடெக்டிவ்’ நாடகத்தைப் படித்தவர்களுக்குத் துப்பறிவாளர் புதியவரும் அல்லர். நான் வகுப்பில் பயன்படுத்துவது ஹோம்ஸுக்கும் முந்தைய ஒரு நாவலின் ஒலிநூல்: வில்கி காலின்ஸ் எழுதிய ‘தி மூன்ஸ்டோன்’.

இந்த நாவல் 1868இல் சார்லஸ் டிக்கன்ஸ் நடத்திய ‘ஆல் தி இயர் ரவுண்ட்’ வார இதழில் தொடராக வந்தது. இங்கிலாந்தில் ஒரு மாளிகை. அந்த வீட்டுப் பெண் ரேச்சலுக்குப் பிறந்தநாள் பரிசாக ஒரு மஞ்சள் வைரம் வருகிறது. அன்றிரவே அது காணாமல் போகிறது. எடுத்தவர் யார் என்பதே கதை. ஆங்கிலத்தில் வந்த முதல் துப்பறியும் நாவல்களில் ஒன்றாக இதை வைத்துப் பேசுகிறார்கள்.

நம் மாணவர்களுக்கு இதை நெருக்கமாக்குவது அந்த வைரம் வந்த இடம். கதையின் முன்னுரைப் பகுதி 1799இல் திப்பு சுல்தானின் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த நாளில் நடக்கிறது. அந்த வரலாற்றில் நம் மாவட்டத்துக்கும் பங்குண்டு. 1755இல் ஹைதர் அலி மைசூர் அரசால் திண்டுக்கல்லுக்குப் படைத்தலைவராக நியமிக்கப்பட்டார். 1790இல் ஆங்கிலேயர் திண்டுக்கல் கோட்டையைப் பிடித்தனர். 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி திண்டுக்கல் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போனது. “நீங்கள் பார்த்திருக்கும் மலைக்கோட்டையை இழந்த அதே திப்புவின் தலைநகரில்தான் கதை தொடங்குகிறது” என்று சொன்னால் வகுப்பு நிமிர்ந்து உட்காரும்.

இந்த நாவல் காதுக்கும் ஏற்றது. அக்காலத்து ஆங்கிலேயக் குடும்பங்களில் வாரத்தொடரை ஒருவர் வாய்விட்டுப் படிக்க மற்றவர்கள் சுற்றி அமர்ந்து கேட்பது வழக்கம். நம் வீடுகளிலும் கல்கியின் தொடர்களை ஒருவர் படிக்க மற்றவர்கள் கேட்டதுண்டு. மேலும் இதில் கதை சொல்பவர் ஒருவர் அல்லர். வீட்டு மேலாளரான முதியவர் பெட்டரெட்ஜ், பக்தியைப் பறைசாற்றும் மிஸ் கிளாக், வழக்கறிஞர் பிரஃப் எனப் பலரும் தாம் கண்டதை மட்டும், நீதிமன்றச் சாட்சிகளைப் போல முறைவைத்துச் சொல்கிறார்கள். மிஸ் கிளாக் தன்னை நல்லவளாகக் காட்டப் பேசும் ஒவ்வொரு வாக்கியமும் அவளையே காட்டிக்கொடுக்கும். நல்ல வாசிப்பாளர் படிக்கும்போது அந்தத் தொனி அச்சில் இருப்பதைவிடத் தெளிவாகப் புலப்படும்.

ஒலிநூலைத் தேர்ந்தெடுக்கும்போது பதிப்புரிமையைக் கவனிக்க வேண்டும். இந்தியச் சட்டப்படி நூலாசிரியர் இறந்து 60 ஆண்டுகள் கடந்தால் நூல் பொதுவுடைமை ஆகிவிடும். காலின்ஸ் 1889இல் மறைந்தார். எனவே நாவலுக்குத் தடையில்லை. ஆனால் ஒலிப்பதிவுக்குத் தனி உரிமை உண்டு. வணிக நிறுவனங்களின் பதிவுகளைப் படியெடுத்துப் பகிரக் கூடாது. 2005இல் தொடங்கப்பட்ட லிப்ரிவாக்ஸ் தளத்தில் தன்னார்வலர்கள் படித்த பதிவுகள் எவ்வித உரிமைக் கட்டுப்பாடும் இன்றி இலவசமாகக் கிடைக்கின்றன. மூல நூல் புராஜெக்ட் குட்டன்பர்க் தளத்தில் உள்ளது. பதிவை முன்கூட்டியே கைப்பேசியில் இறக்கிவைத்தால் வகுப்பில் இணையம் தேவையில்லை. ஒரு சிறு ஒலிபெருக்கி போதும். உயர் தொழில்நுட்ப ஆய்வகம் இருந்தால் இன்னும் வசதி.

முழு நாவல் சுமார் 20 மணி நேரம் ஓடும். அத்தனையும் வகுப்பில் கேட்க முடியாது. சில பகுதிகளை மட்டும் தேர்ந்தெடுத்து, இடைப்பட்ட கதையைத் தமிழில் சுருக்கிச் சொல்கிறேன். முடிவை மட்டும் சொல்வதில்லை. ஒரு பாடவேளைக்கு ஐந்து முதல் எட்டு நிமிடப் பதிவே போதுமானது. என் நடைமுறை இது:

1. கேட்கும் முன் ஆறு அல்லது ஏழு சொற்களை மட்டும் கரும்பலகையில் எழுதிப் பொருள் சொல்வது.

2. முதல் முறை குறிப்பெடுக்காமல் கேட்பது. யார், எங்கே, என்ன நடந்தது என்ற மூன்று கேள்விகள் மட்டும். விடையைத் தமிழிலும் சொல்லலாம்.

3. இரண்டாம் முறை வேகத்தைச் சற்றுக் குறைத்து, துப்புத் தாளுடன் கேட்பது. அத்தாளில் மூன்று பத்திகள்: கண்டது, ஊகித்தது, தெரியாதது.

4. மூன்றாம் முறை அச்சிட்ட பகுதியை விரலால் தொடர்ந்தபடி கேட்பது.

துப்புத் தாளுக்கு முன்னுரைப் பகுதியே நல்ல தொடக்கம். ஹெர்ன்காசில் என்ற ஆங்கிலேய அதிகாரி ஒரு கையில் தீப்பந்தமும் மறு கையில் இரத்தம் சொட்டும் குத்துவாளுமாக ஆயுதக் கிடங்கில் நிற்பதை அவருடைய உறவினர் பார்க்கிறார். அருகே இந்தியர்கள் வீழ்ந்து கிடக்கிறார்கள். கொலை செய்ததை அவர் பார்க்கவில்லை. ஆகவே முறையாகக் குற்றம் சாட்ட அவரால் முடியவில்லை. “அவன்தான் கொன்னான்” என்று வகுப்பே சொல்லும். “கண்டது பத்தியில் அதை எழுத முடியுமா?” என்று கேட்டால் பதிவை மீண்டும் போடச் சொல்வார்கள். நாம் வற்புறுத்தாமலே அவர்கள் கேட்கும் அந்த இன்னொரு முறைதான் உண்மையான பயிற்சி.

அடுத்து, சார்ஜென்ட் கஃப் என்ற துப்பறிவாளர் வரும் அத்தியாயம். ரேச்சலின் அறைக் கதவில் புதிதாகத் தீட்டிய வண்ணத்தில் ஓரிடம் சிதைந்திருக்கிறது. வேலைக்காரப் பெண்களின் பாவாடை உரசியிருக்கும் என்று உள்ளூர்க் காவல் அதிகாரி அதைத் தள்ளிவிடுகிறார். கஃப் மணிக்கணக்கைக் கேட்கிறார். அந்த இடத்தில் வண்ணம் பூசி முடித்தது புதன் பிற்பகல் 3 மணிக்கு. காய 12 மணி நேரம். பெண்கள் அங்கே கூடியது வியாழன் காலை 11 மணிக்கு. இந்த எண்களைக் காதால் பிடித்துத் தாளில் எழுத வேண்டும் என்பதே பயிற்சி.

இந்தப் பகுதியைக் கேட்டபோது முதலில் எழுந்தவன், ஆங்கிலப் பாடவேளையில் வாய் திறக்காத ஒரு மாணவன். எழுத்துக்கூட்டிப் படிப்பதற்கே அவனுக்குச் சிரமம். “எங்கப்பா பெயின்ட் அடிக்கிறவரு சார். ஈரமா இருந்தாத்தான் துணி பட்டா இழுக்கும். வெடியக்காலம் மூணு மணிக்கே காஞ்சிருச்சுல்ல?” என்றான். பெண்கள் வருவதற்கு 8 மணி நேரம் முன்பே கதவு காய்ந்துவிட்டது. அப்படியானால் வைரம் போன இரவில்தான் யாரோ உரசியிருக்கிறார்கள். அதே முடிவுக்குத்தான் கஃபும் வருகிறார். பிறகு அவன் தன் தாளில் ‘தி பெயின்ட் வாஸ் ட்ரை’ என்று ஒரு வாக்கியம் எழுதினான். படிக்கத் தடுமாறும் பிள்ளை கேட்கவும் தடுமாறும் என்று நாம் முடிவு கட்டிவிடக் கூடாது. பார்வைக் குறைபாடுள்ள மாணவர்களும் இவ்வகுப்பில் மற்றவர்களோடு சமமாகப் பங்கேற்க முடியும்.

ஒன்றைக் கவனத்தில் கொள்ள வேண்டும். இது 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர் எழுதிய நூல். இந்தியர்களைப் பற்றிய சில சித்திரிப்புகள் அக்காலப் பார்வையில்தான் இருக்கின்றன. அவற்றை ஒளிக்காமல் வகுப்பில் பேசலாம். ஒரு மாணவி கேட்டாள்: “வீட்டுல காணாமப் போனதுக்கு லண்டன்ல இருந்து போலீஸ் வருது. கோட்டையில திருடுனதுக்கு ஏன் சார் யாருமே வரல?” நாவலில் படைத்தலைவர் பெயர்டு, கொள்ளையடிப்பவர் பிடிபட்டால் தூக்கு என்று பறையறைவித்து அறிவிக்கிறார், ஆனாலும் ஹெர்ன்காசில் தண்டிக்கப்படவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்க அவள் முன்னுரைப் பகுதியைக் கூர்ந்து கேட்டிருக்க வேண்டும். சமூக அறிவியல் ஆசிரியரோடு இணைந்து அடுத்த பாடவேளையை நடத்த அது போதுமான காரணம்.

வாரம் ஒரு பாடவேளை ஒதுக்கினால் ஒரு பருவத்தில் முன்னுரைப் பகுதி, பிறந்தநாள் இரவு, கதவு வண்ணம், மிஸ் கிளாக்கின் சாட்சி ஆகிய நான்கையும் நிதானமாகக் கேட்டுவிடலாம். வைரம் யாரிடம் போனது என்று தெரிந்துகொள்ள விரும்பும் மாணவர்களுக்கு மீதிப் பதிவுகளைப் பெற்றோரின் கைப்பேசியில் கொடுத்துவிடுங்கள். வீட்டில் அவர்கள் கேட்கும் ஆங்கிலம் அங்கிருந்து தொடங்கட்டும்.