பழைய வேன்களின் சக்கரத் தாங்கிப் பராமரிப்பு

சக்கரத் தாங்கி என்பது வாகனத்தின் எடையைச் சுமந்துகொண்டே சக்கரத்தைத் தடையின்றிச் சுழலவிடும் உறுப்பு ஆகும். பட்டறை வழக்கில் இது வீல் பேரிங் எனப்படுகிறது. இன்றைய கார்கள் பலவற்றில் இது ஆலையிலேயே மூடப்பட்ட ஒரே தொகுதியாக வருகிறது. பழுதானால் முழுவதையும் மாற்றிவிடுவர். பழைய வேன்கள் பலவற்றின் முன்சக்கரங்களில் ஒரு ஹப்புக்குள் பெரிதும் சிறிதுமாக இரண்டு கூம்பு உருளை பேரிங்குகள் எதிரெதிராக அமர்ந்திருக்கும். அமெரிக்கரான ஹென்றி டிம்கன் 1898 இல் காப்புரிமை பெற்ற வகை இது. கழற்றிக் கழுவி, கிரீஸ் வைத்து, இறுக்கத்தைச் சரிசெய்து மீண்டும் பூட்டலாம் என்பதால் ஒழுங்காகப் பராமரிக்கப்படும் பேரிங் பல ஆண்டுகள் உழைக்கும். கவனியாமல் விட்டால் உருளைகள் நொறுங்கி, ஓட்டத்தின்போதே சக்கரம் கழன்றுவிடக்கூடும்.

தென்சென்னைப் புறநகரில்

குரோம்பேட்டை, தாம்பரம் பகுதிக்கும் வேன்களுக்கும் உள்ள தொடர்பு பழையது. தாம்பரத்தை அடுத்த பெருங்களத்தூரில் ஆலை வைத்திருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம், கார்களோடு ஸ்டாண்டர்டு 20 என்ற சரக்கு வேனையும் தயாரித்தது. அந்நிறுவனத்தின் உற்பத்தி 1980களின் இறுதியில் நின்றது. 1984 இல் மாருதி வேனாக வந்து, 1988 இல் ஆம்னி எனப் பெயர் மாறிய வண்டியின் உற்பத்தி 2019 வரை நீடித்தது. பள்ளிப் பிள்ளைகளையும் கடைச் சரக்கையும் ஏற்றிக்கொண்டு ஆம்னிகள் இன்றும் ஓடுகின்றன.

இப்பகுதியில் பேரிங்கின் முதல் எதிரி மழைநீர். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், மேற்குத் தாம்பரம் பகுதிகளில் வாகனங்கள் மூழ்கிக் கிடந்தன. அவ்வளவு பெரிய வெள்ளம்தான் வேண்டும் என்பதில்லை. ஜி.எஸ்.டி. சாலையில் அடிக்கடி பிரேக் பிடித்து வந்த வேனின் ஹப் நன்கு சூடேறியிருக்கும். அது தேங்கிய நீரில் திடீரென இறங்கும்போது ஹப்புக்குள் இருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கும். அந்த இழுப்பில் தேய்ந்த ஆயில் சீலின் விளிம்பு வழியே சேற்று நீர் உள்ளே ஏறிவிடும். நீர் கலந்த கிரீஸ் பால் நிறமாகிக் குழைந்துபோகும். சில வாரம் நிறுத்தி வைத்தாலே உருளைகளில் துரு பிடிக்கும், பிறகு அந்தத் துருப் புள்ளிகளே குழிகளாகும். வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது என்று மார்கழி வரை தள்ளிப்போடுவது பலரிடம் காணப்படும் வழக்கம். சேதம் நடப்பது அந்த இடைவெளியில்தான். சுமார் 40,000 கி.மீ.க்கு ஒருமுறை கிரீஸ் மாற்றுவது பொதுவான வழக்கம் என்றாலும், ஹப் மூழ்கும் அளவு நீரில் போன வண்டிக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது. உடனே பிரித்துப் பார்க்க வேண்டும்.

பழுதை அறிதல்

தேய்ந்த பேரிங் வேகம் கூடக் கூட ஊளையிடும். ஆம்னியில் இயந்திரம் முன் இருக்கைகளின் அடியிலேயே இருப்பதால் இந்த ஒலி எளிதில் காதுக்குத் தப்பிவிடுகிறது. இயந்திரத்தின் சுழற்சி மாறினாலும் மாறாமல், வண்டியின் வேகத்துக்கு மட்டும் ஏறி இறங்கும் ஒலி சக்கரப் பக்கத்திலிருந்து வருவது. சாலையின் பரப்பு மாறும்போது ஒலியும் மாறினால் டயரைச் சந்தேகிக்கலாம். வலப்பக்கம் வளையும்போது கூடினால் இடப்பக்கச் சக்கரத்தைப் பார்க்க வேண்டும், ஏனெனில் வளைவில் வெளிப்பக்கச் சக்கரத்துக்கே சுமை ஏறுகிறது.

அடுத்து, ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டு வைத்துத் தாங்கிய பின், சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசைத்துப் பார்ப்பர். ஆட்டம் தெரிந்தால் மற்றொருவர் பிரேக்கை மிதிக்க வேண்டும். அப்போது ஆட்டம் நின்றுவிட்டால் குறை பேரிங்கில். நிற்காவிட்டால் பால் ஜாயின்ட், கிங்பின் போன்ற இணைப்புகளில்.

கழுவி, கிரீஸ் வைத்தல்

கழற்றிய பேரிங்கை மண்ணெண்ணெய் போன்ற கரைப்பானில் கழுவி, நன்கு உலர்த்த வேண்டும். காற்றுக் குழாயைப் பிடித்துப் பேரிங்கைச் சுழலவிடுவது பட்டறைகளில் ஒரு விளையாட்டாகவே நடக்கும். கிரீஸ் இல்லாமல் அத்தனை வேகத்தில் சுழலும்போது கூண்டு உடைந்து உருளைகள் தெறிக்கலாம். அதைத் தவிர்ப்பதே நல்லது. உருளையில் நீலம் பாய்ந்திருந்தால் அது அதிகச் சூடு கண்டது. குழி, செதில், துரு எதுவாயினும் பேரிங்கை மாற்ற வேண்டும், ஹப்பில் இறுகியிருக்கும் வெளிவளையத்தையும் சேர்த்து. பழைய வளையத்தில் புதிய உருளைகளை ஓட்டுவது பாதிச் செலவை மிச்சப்படுத்துவதுபோல் தோன்றும். புதியதும் விரைவில் கெட்டுவிடும்.

வீல் பேரிங்குக்கு உரிய, என்எல்ஜிஐ 2 தரக் கெட்டியுள்ள லித்தியம் கிரீஸ் பொதுவாகப் பயன்படுகிறது. டிஸ்க் பிரேக் உள்ள சக்கரத்துக்குக் கூடுதல் வெப்பம் தாங்கும் லித்தியம் காம்ப்ளெக்ஸ் வகை ஏற்றது. பழைய கிரீஸை முழுவதும் நீக்காமல் வேறு வகையை அதன்மேல் வைக்கக்கூடாது. ஒவ்வாத வகைகள் கலந்தால் இளகி ஒழுகும். உள்ளங்கையில் கிரீஸை எடுத்து, பேரிங்கின் அகன்ற விளிம்பை அதில் அழுத்தி அழுத்தி, மறுமுனையில் பிதுங்கும்வரை ஏற்ற வேண்டும். ஹப்பின் உட்குழியை நிறைக்கத் தேவையில்லை. அளவு மீறினால் சூடேறி, சீலைத் தாண்டிப் பிரேக்கில் இறங்கும். ஆயில் சீலை ஒவ்வொரு முறையும் புதிதாகவே போட வேண்டும்.

இறுக்கம்

பலமாக இறுக்கினால் பாதுகாப்பு என்ற எண்ணம் இங்கே எதிராக வேலை செய்கிறது. கூம்பு உருளைகள் வளையத்தில் நெருக்கப்பட்டால் கிரீஸ் விலகி, உலோகம் உலோகத்தில் உரசும். சக்கரத்தைக் கையால் சுழற்றிக்கொண்டே நட்டை ஓரளவு இறுக்கி உருளைகளை அமரவைத்து, பின் தளர்த்தி, விரல் பலத்தால் மட்டும் மீண்டும் திருக வேண்டும். ஸ்பிலிட் பின்னுக்கான துளை நேராக வராவிட்டால் அடுத்த வெட்டுவரை தளர்த்துவதே முறை. மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கையொட்டிய நுண்ணிய ஆட்டம் இருப்பது இயல்பு. சரியான அளவு அந்தந்த வண்டியின் கையேட்டில் இருக்கும். பழைய ஸ்பிலிட் பின்னை நிமிர்த்தி மறுபடி போடுவது ஆபத்தானது.

பின்சக்கரம்

ஆம்னி போல இலை வில்லும் முழு அச்சும் கொண்ட, பின்சக்கரம் இழுக்கும் வேன்களில் பின்பக்க பேரிங் அச்சுத் தண்டின்மேல் அழுத்தி ஏற்றப்பட்டு, ஒரு வளையத்தால் நிறுத்தப்பட்டிருக்கும். இதைப் பிரஸ் உள்ள பட்டறையில்தான் மாற்ற முடியும். சுத்தியலால் அடித்து ஏற்றினால் புதிய பேரிங்கே தழும்புபடும். பின் பிரேக் டிரம்மில் எண்ணெய்க் கசிவு தெரிந்தால் அச்சின் சீல் போய்விட்டது. வெள்ளநீரில் நின்ற வண்டியில் அச்சின் காற்றுத்துளை வழியாகவும் நீர் புகும் என்பதால் டிஃபரென்ஷியல் எண்ணெயையும் பார்க்க வேண்டும். வெளிறியிருந்தால் மாற்ற வேண்டும்.

வேலை முடிந்து சில கிலோமீட்டர் ஓட்டியபின் நான்கு ஹப்புகளின் அருகிலும் கையைக் கொண்டுசென்று பார்த்தால், ஒன்று மட்டும் மற்றவற்றைவிட மிகவும் சூடாக இருப்பது தெரிந்துவிடும். அந்தச் சக்கரத்தில் பேரிங் அதிகம் இறுகியிருக்கலாம், அல்லது பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கலாம்; தூக்கிவைத்துச் சுழற்றினால் எது என்பது புலப்படும்.