மூளைக் குருதிக்குழல் நோயில் தற்கூற்றும் குடும்பத்தார் கூற்றும்

மூளைக் குருதிக்குழல் நோய் உள்ள முதியவர் ஒருவர், தமது நினைவாற்றல், கவனம், திட்டமிடல் முதலிய அறிதிறன்களில் ஏற்பட்ட குறைபாட்டைத் தாமே எடுத்துரைப்பது தற்கூற்று எனப்படும். அவருடைய துணைவர், மகன், மகள், மருமகள் போன்றோர் எடுத்துரைப்பது குடும்பத்தார் கூற்று எனப்படும். இவ்விரண்டும் பல நேரங்களில் ஒத்துப்போவதில்லை. ஒன்றை மட்டும் நம்பினால் நோய் கண்டறியப்படாமல் போகக்கூடும்.

நோயின் தன்மை

உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, புகைபிடித்தல், முதுமை ஆகியவற்றால் மூளையின் ஆழப்பகுதிகளுக்குச் செல்லும் நுண்ணிய குருதிக்குழல்கள் தடித்துச் சுருங்குகின்றன. இதனால் மூளையின் வெண்பொருளில் சிதைவுகளும் சிறு குழிகளும் உண்டாகின்றன. இவற்றை எம்.ஆர்.ஐ. படத்தில் காணலாம்.

ஆல்சைமர் நோயில் பொதுவாக அண்மை நிகழ்வுகளின் நினைவே முதலில் குன்றுகிறது. சிறு குருதிக்குழல்களின் நோயில் சிந்தனை வேகமும், ஒரு செயலைத் திட்டமிட்டு முடிக்கும் திறனும் முதலில் பாதிக்கப்படுகின்றன. மறந்ததைச் சிறு குறிப்பு தந்தால் நினைவுகூர்வோர் பலர். எனவே "மறதி உள்ளதா?" என்று மட்டும் கேட்டால், நோயாளி, குடும்பத்தார் ஆகிய இரு தரப்பினரும் "இல்லை" என்று கூற வாய்ப்புண்டு.

தற்கூற்று

தற்கூற்று சில வேளைகளில் சோதனைகளை முந்திக்கொள்கிறது. நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் நடந்த ஆய்வு 2001 இல் வெளியானது. அறிதிறன் குறைவதாகத் தாமே கூறிய முதியோரிடம் வெண்பொருள் சிதைவு மிகுந்திருந்ததை அது காட்டியது. சோதனைகளில் நல்ல மதிப்பெண் பெற்றவர்களிடமும் இத்தொடர்பு காணப்பட்டது.

எனினும் மனச்சோர்வு உள்ளவர் தமது குறையை மிகைப்படுத்திக் கூறக்கூடும். மாறாக, நோய் முற்றும்போது தன் குறையைத் தானே உணரும் திறன் குன்றலாம். இந்நோயில் அடிக்கடி காணப்படும் ஆர்வமின்மையால் நோயாளி எதையும் முறையிடாமலே இருந்துவிடலாம்.

குடும்பத்தார் கூற்று

இதை அளக்க ஆத்திரேலியாவில் அந்தோணி ஜோர்ம் குழுவினர் 1989 இல் 26 வினாக்கள் கொண்ட வினாநிரல் ஒன்றை வெளியிட்டனர். பின்னர் 16 வினாக்கள் கொண்ட சுருக்கப் பதிப்பும் வந்தது. 10 ஆண்டுகளுக்கு முன் இருந்த நிலையோடு இன்றைய நிலையை ஒப்பிட்டு ஒவ்வொரு வினாவுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பிட வேண்டும். 3 என்பது மாற்றமில்லை எனவும், 5 என்பது மிகவும் மோசமடைந்தது எனவும் பொருள்படும். எழுத்தறிவற்ற முதியோருக்கும் இம்முறை பயன்படும்.

தகவல் தருபவர் முதியவரை நெடுங்காலம் அறிந்திருத்தல் இன்றியமையாதது. நெய்வேலி போன்ற தொழில் நகரியங்களில் பணி ஓய்வுக்குப் பின் நிறுவனக் குடியிருப்பை விட்டு வேறு ஊரில் குடியேறுவோர் உளர். புதிய அண்டை வீட்டாருக்கு அவர்களது பழைய நிலை தெரியாது. வெளியூரில் வாழும் பிள்ளைகளுக்குப் பழைய நிலை தெரியும்; அன்றாட நிலை தெரியாது. தகவல் தருபவரின் மனச்சோர்வு, கவலை, முதியவருடனான உறவு ஆகியவையும் விடைகளைப் பாதிக்கின்றன.

சென்னை, வேலூர் ஆய்வு

10/66 முதுமை மறதி ஆய்வுக் குழு 65 வயதுக்கு மேற்பட்டோரிடம் பல நாடுகளில் நடத்திய ஆய்வு 2008 இல் லான்செட் இதழில் வெளியானது. அதில் இந்தியாவின் நகர்ப்புறக் களம் சென்னை. ஊரகக் களம் வேலூர். இவ்வாய்வு குருதிக்குழல் நோய் உட்பட எல்லாக் காரணங்களாலும் வரும் முதுமை மறதியைக் கணக்கிட்டது.

அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நான்காம் வரையறைப்படி ஊரகக் களத்தில் 0.3% பேருக்கே முதுமை மறதி இருந்தது. அறிதிறன் சோதனையையும் குடும்பத்தார் கூற்றையும் இணைத்துக் கணிக்கும் 10/66 முறைப்படி இது 10.6% ஆகும். அந்த வரையறைக்கு, அறிதிறன் வீழ்ச்சியால் சமூக வாழ்வு பாதிக்கப்பட்டிருக்க வேண்டும். வளர்ச்சி குறைந்த களங்களில் குடும்பத்தார் இவற்றைக் குறைவாகவே தெரிவித்தனர்.

கூட்டுக்குடும்பத்தில் சமையலை மருமகளும் வங்கி வேலையை மகனும் ஏற்றுக்கொண்டபின், முதியவரின் திறன் குறைந்தது வெளியே தெரிவதில்லை. தெரிந்தாலும் "வயதானால் இப்படித்தான்" என்று கருதப்படுகிறது.

வேறுபாட்டின் பொருள்

இரு கூற்றுகளும் முரண்படும்போது அம்முரண்பாடே ஒரு குறிப்பாகும்.

* முதியவர் மட்டும் குறை கூறினால்: தொடக்கநிலை நோயாகவோ மனச்சோர்வாகவோ இருக்கலாம்.
* குடும்பத்தார் மட்டும் கூறினால்: தன்குறை உணரும் திறன் குன்றியிருக்கலாம்; பராமரிப்போரின் சோர்வும் காரணமாகலாம்.
* இருவரும் கூறாவிட்டால்: நோய் இல்லை என்று முடிவு செய்ய இயலாது. பக்கவாதம் வந்தவர்களுக்கும் நெடுநாள் உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும் நேரடிச் சோதனை தேவை.

"மறதி உள்ளதா?" என்பதைவிட, மருந்துகளைத் தவறாமல் எடுக்கிறாரா, சில்லறையைச் சரியாக எண்ணுகிறாரா, தொடங்கிய வேலையை முடிக்கிறாரா, முன்பு விரும்பியவற்றில் இன்னும் ஆர்வம் உள்ளதா என்று கேட்பது கூடுதல் பயன் தரும். இருவரையும் தனித்தனியே கேட்பது நல்லது. சிதைந்த பகுதிகளை மீட்க இயலாவிடினும், இரத்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்துவது மேலும் பாதிப்பு ஏற்படும் வாய்ப்பைக் குறைக்கிறது. எனவே குறையை முன்கூட்டியே அறிவது முதன்மையானது.