மூலையில் வளையும் அலைகள்

அறைக்கு வெளியே ஒருபுறமாக நின்று உம்மா கூப்பிட்டால் குரல் கேட்கிறது, முகம் தெரிவதில்லை. ஒலி சுவர்களில் தெறித்தும் கதவோரத்தில் வளைந்தும் நம்மை வந்தடைகிறது. ஒளி அலையாயின், நீரலையையும் ஒலியையும் போல அதுவும் ஏன் நிழலுக்குள் வளைந்து செல்லவில்லை? அன்று நியூட்டன் எழுப்பிய இந்த ஐயம், உயர்தரத்தில் பௌதிகவியல் கற்கும் என்னையும் சிந்திக்க வைத்தது.

விடையை நீரிடமே கேட்போம். குற்றலைத் தாங்கியில் 2 செ.மீ. அலைநீளமுள்ள நேர் அலைகள் செல்வதாகக் கொள்வோம். தடையொன்றை வைத்து அதில் 20 செ.மீ. இடைவெளி விட்டால், அலைகள் பெரும்பாலும் நேரே செல்லும். ஓரங்களில் மட்டும் சற்று வளையும். இடைவெளியை 2 செ.மீ. ஆக ஒடுக்கினால், மறுபுறத்தில் அரைவட்டங்களாக விரியும். இதுவே கோணல். எவ்வளவு வளையும் என்பதைத் தீர்மானிப்பது, இடைவெளிக்கும் அலைநீளத்துக்கும் உள்ள விகிதமாகும்.

பச்சை ஒளியின் அலைநீளம் சுமார் 0.00055 மி.மீ. ஒரு மீற்றர் அகலமான கதவு அதைவிட ஏறத்தாழ 18 இலட்சம் மடங்கு பெரியது. ஆகவே அங்கு ஒளியின் வளைவு நமக்குப் புலப்படாது. குரலின் அலைநீளமோ கதவின் அகலத்தோடு ஒப்பிடத்தக்கது.

இனி, தடையில் அருகருகே இரு சிறு இடைவெளிகளை விடுவோம். இரண்டிலிருந்தும் விரியும் அலைகளில் முடியும் முடியும் சேருமிடத்தில் நீர் உயர்ந்தெழும். முடியும் தாழியும் சேருமிடத்தில் நீர் ஏறக்குறைய அசையாதிருக்கும். இது தலையீடு.

ஒளியும் இப்படி நடக்குமா? 1803 இல் தோமஸ் யங் மெல்லிய சூரியக் கதிரொன்றின் பாதையில், சுமார் 0.85 மி.மீ. அகலமான அட்டைத் துண்டை வைத்தார். அதன் நிழலுக்குள்ளேயே பட்டிகள் தோன்றின. அட்டையின் ஒரு பக்கத்து ஒளியை மறைத்ததும் அப்பட்டிகள் இல்லாமற் போயின. இரு பக்கத்து ஒளியும் சேர்ந்தபோதுதான் இருட்பட்டிகள் உண்டாயின!

அப்படியானால், வகுப்பறையில் இரு மின்குமிழ்கள் எரியும்போது இருட்பட்டிகள் ஏன் இல்லை? ஒரே நேர் அலை இரு இடைவெளிகளையும் அடைவதால், அங்கிருந்து விரியும் நீரலைகள் ஒத்திசைந்து செல்கின்றன. இரு குமிழ்களின் ஒளியலைகளுக்கிடையே அத்தகைய நிலையான தொடர்பு இல்லை. தலையீட்டுக் கோலம் கணத்துக்குக் கணம் இடம் மாறுவதால் கண் சராசரி வெளிச்சத்தையே காண்கிறது. யங் ஒரே கதிரை இரண்டாகப் பிரித்ததன் பயன் இதுதான்.

வேறுபாடுகளும் உண்டு. நீரலைக்கு ஊடகம் வேண்டும்; ஒளி வெற்றிடத்திலும் செல்லும். நீரில் அலையின் ஏற்ற இறக்கத்தையே பார்க்கிறோம். ஒளியில் பிரகாசத்தை மட்டுமே உணர்கிறோம். ஆனால் இரண்டிலும் சக்தி அழிவதில்லை. இருட்பட்டியில் குறைந்தது ஒளிர்பட்டியில் கூடுகிறது.

தோழியரே, இன்றிரவு விரித்த குடைத் துணியினூடாகத் தூரத்துத் தெருவிளக்கைப் பாருங்கள், வீட்டாருக்கும் காட்டுங்கள். (சூரியனை ஒருபோதும் அவ்வாறு பார்க்க வேண்டாம்.) விளக்கைச் சுற்றி ஒழுங்கான ஒளிப்புள்ளிகள் தெரியும். கதவு காட்டாத வளைவை, நூலிழைகளின் நுண்ணிய இடைவெளிகள் காட்டிவிடும்.