கேஜ் கூடினா பாட்டு இனிக்குமா?

பாஸ், ஒரு கேள்வி. 5 எம்.பி. பாட்டு நல்லா கேட்குமா, 170 எம்.பி. பாட்டு நல்லா கேட்குமா? ‘இதென்ன கேள்வி, 170-தான்’னு பாயாதீங்க. லீவு நாள்ல செக்கிங் வேலை பார்த்துச் சேர்த்த காசோட, ‘ஹை-ரெஸ் ஆடியோ கேட்க மெஷின் வாங்கப் போறேன்’னு கிளம்பினான் என் கிளாஸ்மேட். அவனை உட்கார வெச்சு நாங்க போட்ட கணக்குதான் இது.

நம்ம திருப்பூர் பாஷையிலேயே சொல்லிடலாம். நிட்டிங் மெஷினில் ஒரு இன்ச்சுக்கு எத்தனை ஊசிங்கிறது கேஜ். ஒலியை விநாடிக்கு எத்தனை முறை அளக்கிறோம்ங்கிறது சாம்பிளிங் ரேட். ஒவ்வொரு அளவையும் எவ்வளவு நுணுக்கமா குறிக்கிறோம்ங்கிறது பிட். 1982-ல் விற்பனைக்கு வந்த சி.டி.யில் விநாடிக்கு 44,100 முறை, 16 பிட். 1999-ல் எஸ்.ஏ.சி.டி., 2000-ல் டி.வி.டி. ஆடியோன்னு அடுத்தடுத்து வந்தும் பெருசா ஓடலை. இன்னிக்கு ஹை-ரெஸ்னா பெரும்பாலும் ஃப்ளாக் ஃபைல் அல்லது ஸ்ட்ரீமிங்தான்.

ஃப்ளாக், பஞ்சு பேல் மாதிரி. அமுக்கிக் கட்டினாலும் பிரிச்சா அதே பஞ்சு! எம்.பி.3, கட்டிங் டேபிள் மாதிரி. காதுக்குத் தெரியாதுன்னு தோணுறதை வெட்டி வேஸ்ட்ல போட்டுடும். திரும்ப ஒட்ட முடியாது. அஞ்சு நிமிஷப் பாட்டு 128 கே.பி.பி.எஸ். எம்.பி.3-யில் 5 எம்.பி.கூட வராது. சி.டி. தரத்தில் 53 எம்.பி. 24 பிட், 96 கிலோ ஹெர்ட்ஸில் அமுக்காம வெச்சா 173 எம்.பி.!

மூணு மடங்கு பெருசுன்னா மூணு மடங்கு இனிமையா? அங்கதான் ட்விஸ்ட். மனுஷக் காதுக்கு எல்லை சுமார் 20,000 ஹெர்ட்ஸ். அதுல ரெண்டு மடங்குக்கு மேல அளந்தாலே போதும்ங்கிறது நம்ம சிலபஸ்லயே இருக்கிற நைக்விஸ்ட் தேற்றம். 2007-ல் அமெரிக்காவின் மேயர், மோரன் வெளியிட்ட சோதனையில், ஹை-ரெஸ் ஒலியையும் அதையே சி.டி. தரத்துக்குக் குறைச்சதையும் மாத்தி மாத்திப் போட்டாங்க. 554 முறையில் சரியா சொன்னது 276. காசு சுண்டினாலும் இதுதானே வரும்! 2016-ல் ஜோஷுவா ரீஸ் 18 ஆய்வுகளைத் தொகுத்தப்போ 52 சதவிகிதத்துக்குச் சற்று மேல. வித்தியாசம் இருக்கலாம்... ஆனா, தம்மாத்தூண்டு.

நாங்களும் வீட்ல கண்ணை மூடிக் கேட்டோம். சவுண்ட் அளவு ஒண்ணு, ரெக்கார்டிங் ஒண்ணு. எம்.பி.3-யை பத்துக்கு ஒன்பது தடவை பிடிச்சேன். சி.டி.யா ஹை-ரெஸ்ஸான்னு கேட்டப்போ பத்துக்கு அஞ்சு. நண்பனுக்கு நாலு!

அடுத்து அப்பா உட்கார்ந்தார். இருபது வருஷமா நிட்டிங் மெஷின் பக்கத்துலயே நின்னவர். எம்.பி.3-யையே அவரால பிரிக்க முடியலை. “எல்லாம் ஒண்ணாத்தான் கேக்குது கண்ணு”ன்னு சிரிச்சார். எனக்குச் சிரிப்பு வரலை. இரைச்சல் முதல்ல தின்னுறது 4,000 ஹெர்ட்ஸை ஒட்டின கூர்மையான ஒலிகளைத்தான். போனது திரும்பாது, எந்த ஃபார்மேட்டும் அதை மீட்டுத் தராது.

வாரம் 40 மணி நேரத்துக்கு 80 டெசிபல்தான் பாதுகாப்பான அளவுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. மூணு டெசிபல் கூடினா நேரம் பாதியாகணும். பஸ் இரைச்சலை மீறிக் கேட்க வால்யூமை ஏத்துற நமக்கும் சேர்த்துதான் இந்தக் கணக்கு!

நண்பன் மெஷின் வாங்கலை. நல்ல வயர் இயர்போன் ஒண்ணு வாங்கினான். நான் அப்பாவுக்கு இயர்பிளக் வாங்கினேன்.

முதல்ல காது, அப்புறம் கேஜ்... சரிதானே பாஸ்?